பிள்ளை பெறும் இடம்

ஹாலிஎலவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டுவிட்டால், எந்த ஆஸ்பத்திரி என்று லயத்து வரிசை வீடுகளில் யாரும் நின்று யோசிப்பதில்லை. பதுளைப் பெரியாஸ்பத்திரிதான். ஹாலிஎல சந்தியிலிருந்து அது அதிக தூரமுமில்லை. யோசனையெல்லாம் மலையிலிருந்து அந்தச் சந்தி வரைக்கும் எப்படி இறங்குவது என்பதில்தான். பிள்ளையை எங்கே பெறுவது என்பது தாயின் உரிமை என்று இன்று பல நாடுகளில் பேசப்படுகிறது. பாதையே இல்லாத இடத்தில் அந்த உரிமைக்கு என்ன பொருள் என்பது ஒரு கேள்வி. உரிமை ஒருபுறமிருக்க, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்ற கடமை தாய்க்கு உண்டா என்பது இன்னொன்று. முதலில் இரண்டாவதைப் பார்க்கலாம்.

உண்டு என்றே சொல்ல வேண்டும். பேறுக்குப் பின் உதிரம் நிற்காமல் போனால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம். யாருக்கு அப்படி ஆகும் என்று எந்தக் கிளினிக்கிலும் முன்கூட்டி உறுதியாகச் சொல்லிவிட முடியாது. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் தாய்மார் இறந்தார்கள். 2010களில் அந்த எண் முப்பதுகளுக்கு இறங்கிவிட்டது. மலேரியா ஒழிப்பும், பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகளும், இலவச சுகாதார சேவையும், பெண்கள் பள்ளிக்கூடம் போனதும் சேர்ந்து செய்த வேலை அது. பிரசவம் வீட்டை விட்டு வாட்டுக்குப் போனது அதில் பெரிய பங்கு. தன் உயிரோடு இன்னொரு உயிரையும் சுமப்பவள் அந்தப் பாதுகாப்பை வீம்புக்காக மறுத்தால் அதைச் சுதந்திரம் என்று பாராட்ட முடியாது. 2018இல் திருப்பூரில் ஒரு தம்பதி யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றார்கள், தாய் இறந்துபோனார். அவர்களுக்கு ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருக்கவில்லை.

வீட்டுப் பிரசவத்தை ஆதரிப்போர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது 2011இல் வெளியான இங்கிலாந்து ஆய்வை. ஆபத்து அறிகுறி இல்லாத, ஏற்கெனவே பிள்ளை பெற்ற பெண்களுக்கு வீடும் ஆஸ்பத்திரியும் ஏறக்குறைய ஒரே அளவு பாதுகாப்பு என்று அது கண்டது. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: வீட்டில் பெறத் திட்டமிட்ட தலைப்பிள்ளைத் தாய்மாரில் நூற்றுக்கு 45 பேர் இடையிலேயே ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே வீடு என்பது வாசலில் வந்து நிற்கும் அம்புலன்ஸையும் சேர்த்துத்தான். அந்த வீட்டையும் எட்டுக் காம்பிரா லயத்தையும் ஒரே தராசில் வைப்பது நேர்மையல்ல.

ஆனால் கடமை என்று சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடுகிறதா? தோட்டப் பெண் எங்கே பெற வேண்டும் என்பதை அவளைக் கேட்டு யாரும் முடிவு செய்ததே இல்லை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்த காலத்தில் தோட்டத்து மருத்துவ ஏற்பாடு பெரும்பாலும் தோட்ட நிர்வாகியான துரையின் கையில் இருந்தது. பிறப்பைப் பதிவதும் துரைமார் வழியாகவே நடந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவன் என்பதற்கு அத்தாட்சி கேட்டபோது, லயத்துக்குள் பிறந்து பதிவில் ஏறாமல் போனவர்களின் கையில் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. இன்றும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் பிழையாக விழுந்து, பிள்ளை பரீட்சை எழுதும் வயதில் அலைவது மலையகத்தில் பழகிப்போன கதை. ஆஸ்பத்திரிப் பிறப்புக்கு உடனே ஒரு கடதாசி உண்டு. உயிருக்கு அடுத்தபடியாக அதற்காகவும் போகிறார்கள்.

போவதற்கு விலை உண்டு. தூரத்துத் தோட்டத்துப் பெண்ணை, நாள் நெருங்கும்போதே வந்து படுத்துவிடச் சொல்வார்கள். மருத்துவம் தெரிந்தவர் சொல்லக்கூடிய சரியான யோசனை அது. மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது? புருஷன் அவளைப் பார்த்துவிட்டு வரப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, அதாவது நாட்கூலி இல்லை. பாதி நாளில் திரும்பினாலும் அரைப்பேர்தான். வாட்டுக்குள் தனியே கிடப்பவளுக்குச் சிங்களம் அரைகுறை. ஹாலிஎல பிரதேச செயலகப் பிரிவு இருமொழி நிர்வாகப் பிரிவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட ஒன்று. பிரகடனம் வலிநேரத்தில் மொழிபெயர்க்க வராது. பேறு முடிந்த அசதியில், வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள படிவத்தில் எல்.ஆர்.டி. எனும் கருத்தடை அறுவைக்குக் கையெழுத்து வாங்கினால் அது சம்மதமா? கருத்தடை அறுவைக்கு அரசு பணம் கொடுத்த 1980களிலிருந்து தோட்டங்களில் முணுமுணுக்கப்படும் கேள்வி இது. ஒரே வாட்டில் அவள் உயிரும் காக்கப்படலாம், அவளைக் கேட்காமலும் விடப்படலாம். முதலாவதைக் காட்டி இரண்டாவதை மன்னித்துவிடுவது நமக்கு மிகவும் பழகிப்போயிற்று.

இன்னொரு சிக்கல், இதைவிட நுட்பமானது. பக்கத்துச் சிறிய வைத்தியசாலையைத் தாண்டி எல்லாரும் பதுளைக்கே போனால், சிறிய இடத்துப் பிரசவ அறையில் வேலை குறையும். வேலை குறைந்தால் கைப்பழக்கம் போகும். பிறகு அந்த அறையே பூட்டப்படும். பெரிய இடத்திலோ கட்டிலுக்கு நெருக்கடி. அப்படியானால் அருகில் உள்ளதை விட்டுப் போகும் தாய் பொதுநலனுக்குத் தீங்கு செய்கிறாளா? விளைவைப் பார்த்தால் கொஞ்சம் செய்கிறாள்தான். குற்றம் அவளுடையதல்ல. நிபுணரும் இரத்தமும் சத்திரசிகிச்சைக் கூடமும் இருக்கும் இடத்தை நாடுவது எந்தத் தாயும் செய்யும் காரியம். கொழும்பில் தனியார் மருத்துவமனையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்திடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சின்ன ஆஸ்பத்திரியைக் காப்பாற்றும் பொறுப்பை ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் இடுப்பில் ஏற்றுவது அநியாயம்.

தாய் ஒருத்தி இறந்துவிட்டால் இலங்கையில் அதை விசாரித்து ஆராய நல்ல முறை ஒன்று இருக்கிறது. அத்தகைய ஆய்வுகளில் மூன்று தாமதங்களைத் தேடுவார்கள்: முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில். ஊர்ப்பேச்சில் முதலாவது மட்டும்தான் நிலைக்கும். ‘நேரத்தோட கொண்டு வந்திருக்கலாமே’ என்பார்கள். இரண்டாவது தாமதத்துக்கு முகவரி தேடினால் அது பல மேசைகளில் போய் முட்டும். தோட்டத்துப் பாதை தோட்டக் கம்பெனியின் பொறுப்பில். 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிடுவதற்குப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவே குறுக்கே நின்றது. வரியும் வாக்கும் கொடுத்தவர்களின் பாதைக்குச் சட்டத்திலேயே பூட்டு இருந்தது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது, பெரிய உதவிதான். அதுவும் மழைக்குக் கரைந்த கல்ரோட்டில் ஏற முடிந்த தூரம் வரைக்கும்தான் வரும். மிச்சத் தூரத்துக்கு அவளைத் தூக்கிவரக் கம்பளியும் நாலு ஆட்களும் வேண்டும்.

ஆகவே, ‘ஏன் தாமதம்’ என்று கேட்க உரிமை உள்ளவர்கள் யார் என்பதையும் கேட்டாக வேண்டும். அந்தப் பெண்ணின் தாயும் புருஷனும் கேட்கலாம். கம்பெனியும் சபையும் கேட்பதாயிருந்தால், முதலில் ரோட்டுக்குக் கணக்குச் சொல்லிவிட்டுக் கேட்கட்டும்.