விலங்கிட்ட கைகளோடு ஒரு திருவருகைக்காலம்

1944 டிசம்பர். பெர்லின் டேகல் சிறையில் இயேசு சபைக் குரு ஆல்ஃபிரட் டெல்ப் இரவும் பகலும் கைவிலங்கோடு இருந்தார். ஹிட்லருக்குப் பிந்திய ஜெர்மனி எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்த கிரைசாவ் குழுவில் அவரும் ஒருவர், அதுதான் குற்றம். விலங்கிட்ட கையாலேயே திருவருகைக்காலச் சிந்தனைகளைத் துண்டுத்தாள்களில் எழுதினார். அழுக்குத் துணிகளோடு அவை வெளியே கடத்தப்பட்டன.

டிசம்பர் 8, அமலோற்பவ அன்னை விழாவன்று, சபைத் தோழர் ஒருவர் சிறைக்கு வந்தார். காவலர் பார்த்துக்கொண்டிருக்க, டெல்ப் தம் இறுதி வார்த்தைப்பாட்டைக் கொடுத்தார். அறையில் இரகசியமாகத் திருப்பலியும் நிறைவேற்றினார். 1945 பிப்ரவரி 2 அன்று தூக்கிலிடப்பட்டார்.

மனிதன் உலுக்கப்படும் காலமே திருவருகைக்காலம் என்பது அவர் எழுத்தின் சாரம். திருச்சபை வழிபாடும் அதைத்தான் காட்டுகிறது: ஊதா உடை, ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் இல்லை, மனம் மாறச் சொல்லும் திருமுழுக்கு யோவானின் குரல். மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஜா நிறம் தலைகாட்டும்.

நாம் என்ன செய்கிறோம்? குடில் ஜோடனைக்கு நவம்பரிலேயே திட்டம் போடுகிறோம், பாவசங்கீர்த்தனத்தை 24-ஆம் தேதி மாலைக்குத் தள்ளுகிறோம். குடில் கட்டுவது தப்பில்லை. ஆனால் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வீட்டுக்கு ஒரு போன் போடுவதும் இந்த நான்கு வாரத்து வேலைதான். அதற்கு டெல்ப் அளவு துணிச்சல்கூடத் தேவையில்லை.