துணையும் தீர்ப்பும்

வேலைத் தலத்தில் மேலாள் ஒருவன் தன்னிடம் தகாத முறையில் நடந்தான் என்று ஒரு பெண் முறையிட்டுவிட்டாள் என வைத்துக்கொள்வோம். "அஞ்சாதே, வாய் திறந்து சொல்" என்று அவளைத் தூண்டும் மேடைப் பேச்சுகளும் பத்திரிகை எழுத்துகளும் இன்று நம்மிடையே குறைவல்ல. நன்று. அவளும் சொல்லிவிட்டாள். சொன்னதற்கு மறுநாள் காலையில், அவளோடு வேலை செய்கிற நாம், அவளுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிற நாம், அவளுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம்? இக்கேள்வியை நமது சீர்திருத்தக்காரர்களும் அதிகம் கேட்டதாகத் தெரியவில்லை. சொல்லும்வரை அவளுக்கு வீரம் ஊட்டுகிறோம். சொன்னபின் அந்த வீரத்தோடு அவளைத் தனியே விட்டுவிடுகிறோம்.

நாம் அறிந்த செம்பனைத் தோட்டமொன்றில், பெயர் இங்கே வேண்டா, மருந்தடிக்கும் கூட்டத்திலிருந்த ஒருத்தி மண்டோர் மீது முறையிட்டாள். அதன்பின் அவளை யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஆனால், 16 லிட்டர் பிடிக்கும் மருந்துப் பம்பை நிறைத்து முதுகில் ஏற்றுவதற்கு இன்னொருத்தியின் கை வேண்டும். அந்தக் கை வராமற் போயிற்று. அவள் பம்பை ஒரு மண்மேட்டின்மேல் வைத்து, அதன் முன்னே குந்தி, வாரைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு, தரையில் கையூன்றி எழக் கற்றுக்கொண்டாள். குழாயடிக்கு அவள் வந்ததும் பேச்சு நின்றது. பிரட்டுக் களத்தில் அவளுக்கு இருபுறமும் இரண்டு முழ இடம் விழுந்தது. மூன்றாம் வாரம் அவளே காரியாலயத்துக்கு வந்து, "அந்தப் புகாரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கிராணி ஐயா" என்று கேட்டாள்.

மண்டோர் அவளை மிரட்டியதாக ஒரு செய்தியும் இல்லை. அவனுக்கு அந்தச் சிரமம் தேவைப்படவில்லை என்பதே உண்மை. அவன் செய்ய வேண்டியதைக் கூட்டத்தார் செய்து முடித்தனர். அவர்களோ கெட்டவர்களல்லர். கேட்டால் ஒரே விடைதான் வரும்: "எது மெய்யோ எது பொய்யோ, நாங்கள் யார் பக்கமும் இல்லை." தோட்டத்தில் மட்டுமன்று, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் குளிர்சாதன அறைகளில் வேலை பார்க்கும் படித்தவர்களும் இதே விடையை இன்னும் நேர்த்தியான சொற்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதற்கு நடுநிலைமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் இதற்குப் பொருந்துமா என்பதே நமது விசாரணை.

நடுநிலைமை நீதிபதிக்கு அணிகலன் என்பதில் ஐயமில்லை. அவன் தீர்ப்புச் சொல்ல அமர்ந்தவன். ஆதலின் இரு தரப்பையும் கேட்குமுன் மனத்தை ஒரு புறம் சாய்த்தல் ஆகாது. ஆனால் அண்டை வீட்டுக்காரியைத் தீர்ப்புச் சொல்லும்படி யார் கேட்டார்கள்? களவுக் குற்றம் சாட்டப்பட்டு லாக்கப்பில் கிடப்பவனுக்கும் அவனைச் சேர்ந்தோர் சோறு கொண்டுபோகிறார்கள். சோறு கொண்டுபோனதால் "இவன் திருடவில்லை" என்று அவர்கள் தீர்ப்பெழுதிவிட்டதாகப் போலீசாரும் நினைப்பதில்லை. தீர்ப்பு ஒரு கடமை. துணை வேறொரு கடமை. தீர்ப்புக்குச் சாட்சியும் விசாரணையும் வேண்டும். துணைக்கு ஒருவர் துன்பத்தில் இருக்கிறார் என்ற அறிவு ஒன்றே போதும். தீர்ப்பு நம் வேலையன்று என்று சொல்லி, நம் வேலையாகிய துணையையும் அதன் பின்னே ஒளித்துவிடுகிறோம்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். இரு தரப்பிலிருந்தும் சமமாய் விலகி நின்றாலாவது அதை நடுநிலைமை என்று வாதிக்கலாம். மேற்சொன்ன தோட்டத்தில் மண்டோரை விட்டு யார் விலகினார்கள்? அவனுக்குக் காலையில் வணக்கம் இருந்தது. அவன் சொன்ன வேடிக்கைக்குச் சிரிப்பும் இருந்தது. யாருக்கு எந்த நிரை, யாருக்கு மேட்டு நிலம், யாருக்குச் சேற்றுப் பகுதி என்று பிரித்துக் கொடுக்கும் அதிகாரமும் அவனிடமே இருந்தது. விலகல் ஒருத்தியிடமிருந்து மட்டுமே நடந்தது. இரண்டு தட்டில் ஒன்றிலிருந்து மட்டும் எடையை எடுத்துவிட்டுத் தராசு நடுவில் நிற்கிறது என்று சொல்வது எக்கணக்கு?

இதற்கு நம் வீடுகளிலேயே ஒரு பழைய சாட்சியம் உண்டு. பாரதக் கதையைக் கூத்தாகக் கண்டு கண்ணீர் விடாத தமிழர் குறைவு. சபையில் இழுத்து நிறுத்தப்பட்ட திரௌபதி பெரியோர்களை நோக்கி நியாயம் கேட்டாள். பீஷ்மர், தருமத்தின் போக்கு நுட்பமானது, தம்மால் விடை கூற இயலவில்லை என்றார். மற்றையோர் அவ்வளவும் சொல்லவில்லை. துரியோதனன் தம்பியருள் ஒருவனாகிய விகர்ணன் எழுந்து, நடந்தது முறையன்று என்றான், விதுரனும் பேசினான். ஏனையோர் தரையைப் பார்த்திருந்தனர். புராணங்களில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இதை எழுதியவன் மனிதரை நன்கு அறிந்திருந்தான். அவளைத் தெய்வமாக்கி, சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் அவள் பெயரால் தீ மிதிக்கிறோம். கால் கொப்புளிக்கத் தயங்காத பக்தர்கள், தங்கள் வேலைத் தலத்தில் ஒருத்தி நியாயம் கேட்டு நிற்கும்போது பீஷ்மரின் ஆசனத்தைத் தேடிப்போய் உட்கார்ந்துகொள்ளுவது விந்தையிலும் விந்தை.

"குடும்ப மானம்" என்று பேசும் உறவினரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தீங்கு செய்தவனுடைய வீட்டில் மானம் போகாமல், தீங்குற்றவள் வீட்டில் மட்டும் அது போகிறதென்றால், அந்த மானத்தைப் போகவிடுவதே நலம்.

ஆனால் பம்பைத் தூக்கிவிடாத அந்தப் பெண்களை ஏசிவிட்டு நாம் எழுந்து போய்விடுவதும் நியாயமன்று. அவர்கள் அச்சம் வெறும் கோழைத்தனமன்று. தோட்டத்தில் வேலை கொடுப்பவனே வீடும் கொடுக்கிறான். வேலை போனால் கூரையும் போகும். பிள்ளையின் பள்ளிக்கூடமும் மாறும். மண்டோரின் மனம் கோணினால் மாத முடிவில் சம்பளத்தில் தெரியும். "நமக்கெதுக்கு அக்கா வம்பு" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லும்போது, அந்த ஒரு வாக்கியத்தில் வாடகையும் அரிசியும் அடங்கியிருக்கின்றன.

இந்த அச்சத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதற்கு மருந்தும் சொல்லி வைத்தனர். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்களின்போது, ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தது. இந்தியத் தொழிலாளிக்கும் சீனத் தொழிலாளிக்கும் ஒரே கூலி, கள்ளுக்கடை மூடல், துரைமாரைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டியதில்லை என்பன போன்றவற்றோடு, ஐரோப்பியரும் 'கறுப்பு ஐரோப்பியரும்' தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தகாது நடப்பது ஒழிய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. 'கறுப்பு ஐரோப்பியர்' என்றது யாரை என்பது தோட்டக் காரியாலயத்தில் மேசை உள்ள நம்மவர்க்கு விளங்கும். அதே பட்டியலில் இன்னொரு கோரிக்கையும் உண்டு: குறைகளை எடுத்துச் சொல்பவர்களைப் பழிவாங்கலாகாது. முறையிடும் உரிமையும் முறையிட்டபின் பாதுகாப்பும் இரண்டும் சேர்ந்தே நிற்க வேண்டுமென்று, எழுதப் படிக்கத் தெரியாதவர் பலரும் சேர்ந்த அக்கூட்டம் கண்டுகொண்டது. அவர்களுக்குக் கிடைத்த விடை பட்டாளமும் துப்பாக்கியும். தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இன்று சட்டங்கள் இருக்கின்றன. மலேசியாவில் 1999-இல் வேலைத் தலங்களுக்கு ஒரு நடத்தை நெறி வெளியிடப்பட்டது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2012-இல் பாலியல் துன்புறுத்தல் குறித்துத் தனிப் பகுதி சேர்ந்தது. முறையீடு வந்தால் முதலாளி அதைக் கவனித்தே ஆக வேண்டும். விசாரிக்க மறுத்தால் காரணத்தை 30 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். 2023 ஜனவரி முதல் இதுபற்றிய அறிவிப்பை எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவைப்பதும் கட்டாயம். 2022-இல் நிறைவேறிய பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி ஒரு நடுவர் மன்றமும் 2024 மார்ச்சு மாதம் செயலுக்கு வந்தது. அது 250,000 ரிங்கிட் வரை நட்டஈடு விதிக்கலாம். விசாரணை பொதுமக்கள் பார்வைக்கு அப்பால் நடக்கும். வழக்கறிஞர் இல்லாமலே இரு தரப்பும் பேசுவது பொது விதி. ஏழைக்கு இது வசதிதான். ஆனால் வழக்கறிஞரும் இல்லாத அறைக்குள் ஒருத்தி தனியே நுழைகிறாள் என்பதையும் நினைக்க வேண்டும். மேலும், முறையிட்டவரைப் பழிவாங்குவதைத் தடுக்கும் பிரிவு அச்சட்டத்தில் இல்லையென்று பெண்கள் இயக்கங்கள் அப்போதே குறை கூறின. 1941-இல் கிள்ளான் தொழிலாளர் கேட்டதை 2022-இலும் கேட்க வேண்டியிருந்தது!

அனைத்துலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019-இல் இயற்றிய 190-ஆவது உடன்படிக்கை, முறையிட்டவரோடு சாட்சிகளையும் பழிவாங்கலினின்று காக்க வேண்டும் என்கிறது. சாட்சிகளையும் என்பதைக் கவனிக்க. பம்பைத் தூக்கிவிட அஞ்சிய கைகளை அந்த ஒரு சொல் நினைவில் வைத்திருக்கிறது.

இனி, எப்போதும் எழும் தடை: "பொய்ப் புகாராக இருந்தால்?" இருக்கலாம். மனிதர் எல்லா விஷயத்திலும் பொய் சொல்வதுண்டு. இதில் மட்டும் சொல்லமாட்டார் என்று நாம் சாதிக்கப் போவதில்லை. அதற்காகவே விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவனும் தன் பேச்சைச் சொல்ல வேண்டும். அவன் வீட்டுக்கு யாரும் போகக்கூடாது என்றும் நாம் சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை அவளுடைய நிரையை அவன் பிரித்துக் கொடுக்கலாகாது என்பது மட்டுமே நம் கோரிக்கை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். அவள் சொன்னது பொய்யாகவே முடிந்தாலும், அவளுக்குப் பம்பு தூக்கிவிட்டவள் இழந்தது என்ன? ஒன்றுமில்லை. மெய்யாக முடிந்தால், தூக்கிவிடாதவள் செய்தது என்ன? தவிரவும், பொய்ப் புகார் என்ற பெயர் எளிதில் ஒட்டக்கூடியது. மலேசியாவில் ஓர் உத்தியோகஸ்தப் பெண் தம் மேலதிகாரிமீது தம் ஸ்தாபனத்திலேயே முறையிட்டார். அவரோ அப்பெண்ணின்மீதே வழக்குத் தொடுத்தார். வழக்கு படிப்படியாக ஏறி, 2016 ஜூன் 2-இல் கூட்டரசு நீதிமன்றம் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தது. பாலியல் துன்புறுத்தல் நட்டஈடு கோரத்தக்க தனித் தீங்கு என்று அந்நாட்டில் முதன்முதலாக நிலைநாட்டியது. அந்தத் தீர்ப்பை இன்று எல்லோரும் புகழ்கிறோம். அது வருமுன், வழக்கில் பிரதிவாதியாக நின்ற ஆண்டுகளில், அவரோடு மதியம் உட்கார்ந்து சாப்பிட்டவர் எவரோ, அவரைப் பற்றிச் சட்ட நூல்கள் எழுதுவதில்லை.

துணை என்பது பெரிய தியாகம் போல் பேசப்படுகிறது. உண்மையில் அது சில்லறை வேலைகளால் ஆனது. அவள் சொன்னதை அன்றே தேதியிட்டு எழுதி ஒரு நகலை அவள் கையில் கொடுத்தல் அவற்றுள் ஒன்று. இதில் ஆங்கிலம் படித்த நம் வகுப்பாருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. அவள் இன்ன இடத்தில், இன்ன கையால், இன்னது செய்தான் என்று சொல்லுவாள். நாகரிகம் கருதி நாம் அதை "முறைகேடாக நடந்துகொண்டார்" என்று ஒரு வரியாக மெழுகிவிட்டால், விசாரிப்பவருக்கு விசாரிக்க ஒன்றும் இராது. அவள் சொல் கொச்சையாயினும் அவள் சொல்லே இருக்கட்டும். கூச வேண்டியவர் நாமல்லர். காட்டில் அவளோடு சேர்ந்து நடப்பதும், குழாயடியில் பேச்சை நிறுத்தாதிருப்பதும், ஒவ்வொரு முறையும் அவளை நடந்ததைத் திரும்பச் சொல்லும்படி வற்புறுத்தாதிருப்பதும் துணைதான். அவள் புகாரைத் திருப்பிக் கேட்டாலும், "பயந்துவிட்டாய்" என்று இகழாமல், அடுத்த நாளும் அவளோடு நடப்பதும் துணைதான்.

இவற்றுக்குக் காசு வேண்டா. காசு வேண்டியது ஓர் இடத்தில் உண்டு. தொழிலாளர் இலாகாவுக்கோ நடுவர் மன்றத்துக்கோ போகும் நாளில் அவளுக்கு ஒருநாள் கூலி போகும். உடன் போகிற பெண்ணுக்கும் போகும். இருவருக்கும் பஸ் கட்டணம். இந்த இரண்டாமவளின் கூலியைத் தொழிற்சங்கக் கிளையோ, மாதர் சங்கமோ, தோட்டத்துக் கோயில் நிர்வாகமோ ஏற்றுக்கொள்ளலாகாதா? நாம் கணக்கெழுதும் ஆசாமி, ஆதலால் சொல்கிறோம். திருவிழா வரவுசெலவில் வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு மூலை போதும். இரண்டு மூன்று முறை போய்வரலாம்.