ஆராய்ச்சி மணி எந்த உயரத்தில் தொங்குகிறது?



திருவாரூரிலே மனுநீதிச் சோழருடைய அரண்மனை வாயிலில் ஓர் ஆராய்ச்சி மணி இருந்தது. இளவரசன் சென்ற தேரின் சக்கரத்தில் அகப்பட்டு ஒரு பசுங்கன்று இறந்தது. தாய்ப்பசு கண்ணீர் சொரிய அரண்மனைக்கு வந்து தன் கொம்பினால் அந்த மணியை அடித்தது. பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பிலே சேக்கிழார் சுவாமிகள் அருளிய இந்த வரலாறு நம் வீட்டுச் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். மகன்மீதே தேரைச் செலுத்திய அரசரின் நீதியை வியந்து, கதையை அத்துடன் முடித்துக்கொள்வது நம் வழக்கம். இன்று அந்த மணியைச் சற்று நின்று பார்ப்போம்.

அது பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்தில் தொங்கியிருக்கிறது. பிரபுக்களின் கைக்கு மட்டும் எட்டும்படி உயரக் கட்டியிருந்தால் அந்தப் பசு என்ன செய்திருக்கும்? வாயிலில் நின்று அழுதிருக்கும். காவலர் துரத்தியிருப்பார்கள். அரசரும் தம் நாட்டில் குறையே இல்லை என்று நிம்மதியாக இருந்திருப்பார். இன்னொன்றையும் கவனியுங்கள். மணியோசை கேட்டு வந்த அரசர் அமைச்சர்களைப் பார்க்க, மூத்த அமைச்சர் ஒருவர் நடந்ததை முழுவதும் சொல்கிறார். அமைச்சருக்குத் தெரிந்த செய்தி அரசருடைய காதுக்கு வர, ஒரு பசு மணியடிக்க வேண்டியிருந்தது!

இதே போன்ற கதை ஈழத்திலும் உண்டு. அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் அரசாண்ட எல்லாளனைப் பற்றி, பௌத்த பிக்கு ஒருவர் பாளி மொழியில் இயற்றிய மகாவம்சம் சொல்கிறது. தன் பக்கத்தவன் அல்லாத அரசனை அந்நூல் மனமாரப் புகழ்வது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம். அங்கே மணி தொங்கியது அரசனின் கட்டில் தலைமாட்டிலே. நீதி வேண்டுவோர் இழுப்பதற்காக நீண்ட கயிறும் இருந்தது. கன்றை இழந்த பசு வந்தது. குஞ்சைப் பாம்புக்குப் பறிகொடுத்த பறவை வந்தது. வெயிலில் காயப்போட்ட அரிசி, காலம் தப்பிய மழையில் நனைந்துவிட்டதென்று ஒரு கிழவியும் வந்து மணியை அடித்தாள். நனைந்த அரிசியெல்லாம் அரச காரியமா என்று அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். எல்லாளனோ, மழை காலத்தில் பெய்வது அரசனின் நெறியைப் பொறுத்தது என்று குறையைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு உண்ணாநோன்பு கிடந்தான்.

இனி நம் கோயிற் சபைகளுக்கு வருவோம். ஆண்டுப் பொதுக்கூட்டம். வெள்ளிக்கிழமை மாலைப் பூசையை 6 மணியிலிருந்து 8 மணிக்கு மாற்ற ஒரு பிரேரணை வருகிறதென்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து வருபவர்களுக்கு வசதி. நான்கு பேர் ஆதரித்துப் பேசுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் பேசுகிற அதே நான்கு பேர். "வேறு யாருக்கும் ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று தலைவர் கேட்கிறார். மௌனம். ஏகமனதாக நிறைவேறியது என்று செயலாளர் எழுதுகிறார். பின்வரிசையில் இருந்த வயோதிபத் தாய்மார் இரவு பஸ்ஸில் தனியே திரும்ப வேண்டியவர்கள். மகன் நிர்வாகத்தில் இருப்பதால் ஒருவர் பேசவில்லை. எனக்கென்ன தெரியும் என்று இன்னொருவர் பேசவில்லை. பனிக்காலம் வந்ததும் அவர்கள் வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை. முழங்கால் வருத்தமாக்கும் என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம்.

"பேச விரும்பினால் பேசலாமே, யார் தடுத்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இது நியாயமான கேள்வியாகப் படவில்லை. பேசுவோருக்காக அவையஞ்சாமை என்றோர் அதிகாரம் வைத்த வள்ளுவரே, காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்பை இறைமாட்சியிலே அரசனிடம் எதிர்பார்க்கிறார். சேரமான் பெருமாள் நாயனாருக்கு இறைவன் அருளிய வரங்களில், எல்லா உயிர்களும் சொல்வதை அறியும் ஆற்றலும் ஒன்று. கழறிற்றறிவார் என்ற பெயரே அதனால் வந்தது.

ஆகவே, நிர்வாகப் பொறுப்பில் உள்ள அன்பர்கள் தீர்மானம் வருமுன் மடைப்பள்ளிக்குப் போய், காய்கறி வெட்டிக்கொண்டிருப்பவர்களிடம் கேளுங்கள். கூட்டத்தில் தலைவர் தம் கருத்தை முதலில் சொல்லிவிட்டால், மற்றவர்கள் அதை மறுக்கத் தயங்குவார்கள். அவர் கடைசியில் பேசட்டும். எழுதிப் போட விரும்புவோருக்கு ஒரு பெட்டி வையுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் சொல்லட்டும். அவர்களுடைய ழகரத்தைத் திருத்துவதற்குப் பொதுக்கூட்டம் இடமல்ல. கூச்சமுள்ள ஒருவரைச் சபை நடுவே எழுப்பி, "நீங்கள் சொல்லுங்கோ" என்று வற்புறுத்துவதும் வேண்டாம். அவருக்கு அது தண்டனையாகிவிடும். கேட்டதையெல்லாம் செய்ய முடியாமலும் போகலாம். அப்போது ஏன் முடியவில்லை என்று அவரிடமே போய்ச் சொல்லுங்கள்.

காஞ்சியிலே பல்லவ மன்னர் பெரும்பொருள் செலவிட்டுக் கற்கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். முதல்நாள் இரவு இறைவன் கனவில் வந்து, நின்றவூர்ப் பூசலார் கட்டிய ஆலயத்துக்கு நாளை யாம் போகிறோம், நீ வேறொரு நாள் வைத்துக்கொள் என்றார். மன்னர் திருநின்றவூருக்குச் சென்று விசாரித்தார். பூசலார் கோயில் எதுவும் கட்டவில்லையே என்றார்கள் ஊரார். மன்னர் அவரைத் தம்மிடம் அழைப்பிக்கவில்லை. அவர் இருந்த இடத்துக்குத் தாமே சென்று, வணங்கிக் கேட்டார். பொருள் கிடைக்காததால் மனத்திலே அடிமுதல் முடிவரை கட்டிய கோயிலைப் பற்றிப் பூசலார் அப்போதுதான் வாய் திறந்தார். குறித்த நாளில் இறைவன் எழுந்தருளியது அந்தக் கோயிலில். காஞ்சிக் கற்கோயில் காத்திருந்தது.