க்ஷிப்ரம்



'சொன்னவுடன் பற்றிக்கொள்கிறான், கூர்மதியுடையவன்' என்று நம் பிள்ளைகளைப் பிறர் புகழக் கேட்பின் உள்ளம் பூரிக்கின்றது. இவ்விரைவுணர்வை ஆகமம் க்ஷிப்ரம் என்னும். தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் மதிஞானத்தின் பேதங்களை வகுக்குமிடத்து உமாஸ்வாமி ஆசாரியர் இச்சொல்லை வைத்துள்ளார்.

அவக்கிரகம், ஈஹை, அவாயம், தாரணை என்னும் நான்கும் ஐம்பொறி, மனம் ஆகிய ஆறின் வழியே நிகழ 24 ஆகும். கண்ணும் மனமும் ஒழிந்த நான்கு பொறிகளுக்குரிய வியஞ்சனாவக்கிரகம் 4 சேர 28. இவை ஒவ்வொன்றும் 12 வகைப்படுதலின் மதிஞானம் 336 என்பர். இத்தொகையை மனப்பாடமாகச் சொல்வோர் பலர். 12 வந்தவாற்றை நோக்குவோர் சிலரே. ஆசாரியர் பெயர் சுட்டியவை ஆறு. அவற்றின் மறுதலைகளையும் உடன்கொள்க என்றமையாலேயே பன்னிரண்டாயின. ஆகவே விரைந்தறிதல் ஞானமாயின், மெல்ல அறிதலும் ஞானமே. வேறுபாடு ஆவரண கர்மத்தின் க்ஷயோபசம அளவில் உள்ளது.

இதனை நான் காலந்தாழ்த்தே உணர்ந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், ஜினாலயத்து வகுப்பில் பஞ்ச நமஸ்காரத்தைச் சொல்லத் தடுமாறிய சிறுவன் ஒருவனை, 'உன் தங்கை சொல்லிவிட்டாளே!' எனப் பலர்முன் இகழ்ந்தேன். பிள்ளைகள் நகைத்தனர். அவன் பின்னர் வகுப்பிற்கு வரவேயில்லை. அதே நூலின் ஆறாம் அத்தியாயம், ஞானாவரணீயம் வந்தடைதற்குரிய காரணங்களுள் பிறர் அறிவுக்கு இடையூறு செய்தலையும் எண்ணுகின்றது. அவனை மந்தன் என்ற யான், எனக்கே ஆவரணம் தேடிக்கொண்டேன்.

பொன்னூர் மலையோடு இணைத்து நாம் போற்றும் குந்தகுந்தாசாரியர், பாவபாஹுடத்தில் சிவபூதி முனிவரை நினைவுகூர்கின்றார். அவருக்குப் பாடம் எதுவும் நெஞ்சில் நில்லாது. உளுந்தும் அதன் தொலியும் வேறாதல் போல் உயிரும் உடலும் வேறு என்று குரு உணர்த்தியதையும் மறந்தார். பின்பு ஒரு பெண் உளுந்தைக் கழுவித் தொலி நீக்கக் கண்டார். 'துஷம், மாஷம்' என்னும் இரு சொற்களையே பற்றித் தியானித்துக் கேவலஞானம் எய்தினார் என்பர். க்ஷிப்ரம் அவர்பால் இருந்ததில்லை.

இக்கதையைச் சொல்லவே அச்சிறுவனின் இல்லம் தேடிச் சென்றேன். அக்குடும்பம் வேற்றூர் சென்றுவிட்டதாக அண்டை வீட்டார் கூறினர். இப்போது அவன் இளைஞனாகியிருப்பான். இவ்விதழ் அவன் கண்ணிற் படுமாயின், உத்தம க்ஷமை நாளில் நேரில் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இங்கே கேட்கின்றேன்.