விரும்பி ஏற்ற உழைப்பு

திருக்குறளில் உழவுக்கென்றே 104ஆம் அதிகாரம் அமைந்துள்ளது. தமிழ்ப்பள்ளியில் பயின்ற எவரும் அதில் ஒரு குறளையேனும் மனனம் செய்யாமல் இருந்திருக்க மாட்டார். ஆயினும், அதே மாணவன் மாலையில் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பியபோது தாய் சொன்னது வேறு. “நல்லாப் படி, படிச்சாத்தான் நீ இந்தக் கத்தியைப் பிடிக்க வேண்டியதில்லை” என்பதே பால்மரம் சீவிய கைகள் பிள்ளைக்கு விட்டுச் சென்ற அறிவுரை. உழைப்பைப் போற்றும் பாட்டையும் உழைப்பிலிருந்து தப்பிக்கும் வழியையும் ஒரே நாளில் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. இரண்டும் அன்போடு சொல்லப்பட்டவை. இரண்டில் எதுவும் பொய் என்று தள்ளத்தக்கதன்று.

அத்தலைமுறையின் பேரப்பிள்ளைகளுள் சிலர் இன்று பட்டம் பெற்ற கையோடு விமானச் சீட்டு வாங்கி, நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பழம் பறிக்கச் செல்கின்றனர். விடுமுறையில் வந்து வேலையும் செய்ய இடந்தரும் விசாவை அவ்விரு நாடுகளும் மலேசிய, சிங்கப்பூர் இளைஞர்களுக்கு வரையறையுடன் வழங்குகின்றன. தோட்டத்தை விட்டு வெளியேற இரண்டு தலைமுறை பாடுபட்ட குடும்பத்தின் பிள்ளை, சொந்தப் பணம் செலவிட்டு இன்னொரு நாட்டுத் தோட்டத்துக்குள் நுழைகிறான். இதனை வேடிக்கை என்று ஒதுக்குவோர் உண்டு. உழைப்பின் மாண்பை உணர்ந்துவிட்டான் என்று புகழ்வோரும் உண்டு. இரு சாராரும் சற்று அவசரப்படுகின்றனர். பாட்டி செய்த வேலையும் பேரன் செய்யும் வேலையும் ஒன்றுதானா என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும்.

நகரத்து இளைஞர் பண்ணைக்குச் சென்று உழைக்கும் பழக்கம் பலவிடங்களில் பலவாறு தோன்றியது. அவற்றுள் ஒன்றன் தொடக்கம் மிக எளிமையானது. 1971இல் இலண்டனில் செயலாளராகப் பணியாற்றிய சூ கோப்பார்ட் என்னும் பெண்மணி, நாட்டுப்புறத்தைக் காண ஏங்கினார். அங்கே தங்குவதற்கு உறவினரோ நண்பரோ அவருக்கில்லை. சசெக்ஸ் வட்டாரத்தில் இருந்த எமர்சன் கல்லூரியின் இயற்கைவேளாண் பண்ணையில் வாரயிறுதியில் வந்து உழைப்பதற்கு அவர் ஏற்பாடு செய்தார். ‘வூஃப்’ என்று இன்று பல நாடுகளில் பரவியுள்ள இயக்கம் அந்த வாரயிறுதியிலிருந்தே வளர்ந்தது. பணம் கைமாறுவதில்லை. நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேர வேலை. அதற்கு ஈடாக உணவும் உறைவிடமும் கற்றலும். கூலிக்குப் பழம் பறிக்கும் விசா வேறு, இந்தப் பண்டமாற்று வேறு. ஆனால், இரண்டிலும் முதன்முறையாக மண்ணில் இறங்கும் இளைஞனுக்கு முதல் வாரங்களில் நேர்வது ஏறத்தாழ ஒன்றே.

நியூசிலாந்தின் டெ புக்கே பகுதியிலுள்ள கிவிப் பழத்தோட்டம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அறுவடை மார்ச்சு மாதத்தில் தொடங்கி சூன் வரை நீடிக்கும். கொடிகள் தலைக்குமேல் பந்தலாகப் படர்ந்திருக்கும்; பழங்கள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும். பழத்தோலில் வடுப்படாதிருக்கக் கையுறை அணிய வேண்டும். தோள்களில் மாட்டிய பை மார்புக்கு முன்னே தொங்கும். நிறைந்ததும் பெரிய பெட்டியில் மெல்லக் கவிழ்க்க வேண்டும். வேலையைக் கற்க அரைமணி நேரம் போதும். அதனாலேயே இது எளிய வேலை என்று முதல் நாள் காலையில் அவனுக்குத் தோன்றுகிறது. நண்பகலில் தோள்கள் அந்தக் கருத்தை மாற்றிவிடுகின்றன. இரண்டாம் நாள் கழுத்து திரும்ப மறுக்கிறது. மூன்றாம் நாள், பந்தலின் நிழலுக்கடியில், தான் எதற்காக இங்கு வந்தோம் என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடுதியறையில் எழுதிவைத்திருந்த அழகிய விடைகளுள் ஒன்றும் அப்போது நினைவுக்கு வருவதில்லை.

உடல் வலியைவிட ஆழமாகத் தைப்பது இன்னொன்று. பதினைந்து ஆண்டுகள் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்று, தேர்வுகளில் முன்னணியில் நின்றவன், இங்கே வரிசையில் கடைசியாக நிற்கிறான். இயற்கைவேளாண் பண்ணையில் களையெடுக்கச் சொன்னால், முதல் நாள் களையோடு காரட்டு நாற்றையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறான். பண்ணைக்காரர் சினங்கொள்வதில்லை, அருகில் குனிந்து, இலையின் பிளவு இவ்வாறிருந்தால் பயிர், அவ்வாறிருந்தால் களை என்று காட்டுகிறார். அவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஒரு வாரம் கழிந்த பின்னர், யாரும் சொல்லாமலே வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுகிறது. எப்போது கற்றான் என்று அவனால் சொல்ல இயலாது. புத்தகத்தில் அடிக்கோடிட்டுக் கற்ற எதுவும் அவனுக்குள் இப்படி நுழைந்ததில்லை. கல்வி என்ற சொல்லின் வேருக்குத் தோண்டுதல் என்னும் பொருளும் உண்டு என்பதை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர்கள், இந்த ஒரு வார அனுபவத்தையும் உடன் சொல்லலாம்.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் உடல் பழகிவிடுகிறது. பசி நேரத்துக்கு வருகிறது. உறக்கம் அழைக்காமலே வருகிறது. மழை பெய்தால் வேலையில்லை, ஏனெனில் ஈரமான கிவிப் பழத்தைப் பறிப்பதில்லை. வானத்தைப் பார்த்து நாளைக் கணிக்கும் பழக்கம் அவனுக்கு ஏற்படுகிறது. வீட்டுக்கு எழுதும்போது, ‘உழைப்பின் அருமையை அறிந்துகொண்டேன், பாட்டி பட்ட பாடு இப்போது புரிகிறது’ என்று எழுதுகிறான். நேர்மையான உணர்வுதான், அதனை ஏளனம் செய்தலாகாது. ஆனால், அந்தக் கூற்றின் பின்பாதி உண்மையா?

இக்கேள்வியைத் தம் உடலாலேயே ஆராய்ந்தவர் பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வேய். அவர் ஓர் ஆசிரியை. 1934 திசம்பரில், பள்ளிப் பணியிலிருந்து விடுப்புப் பெற்றுப் பாரிசு நகரத்து ஆலையொன்றில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு வரை வெவ்வேறு ஆலைகளில் உழைத்தார். பின்னர், 1941இல், போர்க்காலத்தில், தெற்குப் பிரான்சின் ஆர்தேசுப் பகுதியில் குஸ்தாவ் திபோன் என்பாரின் பண்ணைக்குச் சென்று உழைத்தார். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் திராட்சை அறுவடையிலும் ஈடுபட்டார். உடல்நலம் குன்றியவர், கடுந்தலைவலியால் வருந்தியவர். இருந்தும் திராட்சைக் கொடிகளினிடையே வேலை செய்துகொண்டே கிரேக்க மொழியில் வேண்டுதலைச் சொல்லிவந்தார் என்பது அவரே பதிவு செய்த செய்தி.

பண்ணையில் உடல் களைத்தும் உள்ளம் விரிந்தது. ஆலையில் நிகழ்ந்ததோ முற்றிலும் வேறு. அங்கே வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டி எண்ணுவதையே நிறுத்த நேர்ந்தது. தனக்கு உரிமை என்று ஏதேனும் உண்டு என்னும் உணர்வே அற்றுப்போயிற்று; ஒருநாள் பேருந்தில் ஏறி அமர்ந்தபோது, அடிமையாகிய தனக்கும் மற்றவரைப்போல் இதில் ஏற இடமுண்டா என்று வியக்கும் அளவுக்குத் தாழ்ந்ததாக அவர் குறித்துவைத்தார். நினைத்த அன்றே ஆசிரியப் பணிக்குத் திரும்பக்கூடியவர்க்கே சில மாதங்களில் இந்நிலை ஏற்பட்டதென்றால், திரும்ப இடமில்லாதவர்க்கு ஆண்டுகள் என்ன செய்திருக்கும்?

பேரனுக்கும் பாட்டிக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்கும் கோல் இங்கேதான் கிடைக்கிறது. வெயில் ஒன்றுதான், வியர்வையும் ஒன்றுதான். ஒருவேளை கிவிப் பழப் பை பால்வாளியைவிடக் கனமாகவும் இருக்கலாம். எனினும் பேரன் நாளைக் காலை மூட்டையைக் கட்டிக்கொண்டு போகலாம். அவனைத் தடுப்பார் எவருமில்லை. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டகன்றால் அது குற்றமாகக் கருதப்பட்டது. அவ்வாறு ஆள் சேர்ப்பது 1910இல் நின்றது. அதன்பின் கங்காணி முறையில் வந்தோர்க்குச் சட்டம் வழிவிட்டாலும் கடனும் பசியும் வழிவிடவில்லை. விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடும்போது ஒருத்தி வரிசையில் நின்றாளென்றால், அவள் அந்த வேலையை விரும்பினாளா என்று யாரும் கேட்டதில்லை. அவளுங்கூடத் தன்னிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். விட்டகலும் உரிமையே உழைப்பின் சுவையை மாற்றுகிறது. தேனீக்கூட்டத்தினூடே விரும்பி நடப்பவனையும் அதனுள் தள்ளிவிடப்பட்டவனையும் ஒரே தேனீதான் கொட்டுகிறது.

இது வெறும் மனநிலை வேறுபாடு என்று கருதுவோர், ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே இவ்விசா 1975இல் தொடங்கியது. 2005 நவம்பரில் புதிய விதியொன்று வந்தது. நாட்டுப்புறப் பண்ணை போன்ற குறிப்பிட்ட இடங்களில் மூன்று மாதம், அதாவது 88 நாள், உழைப்பவர்க்கு இரண்டாம் ஆண்டும் தங்க அனுமதி கிடைக்கும் என்பதே அது. பண்ணையாளருக்கு ஆள் கிடைக்கவும் இளைஞருக்குக் காலம் நீளவும் வழி செய்த விதி, எண்ணத்தில் குற்றமில்லை. ஆனால், உழைப்பு நாள்களுக்குச் சான்று தேவைப்பட்டது. அதனைத் தரவேண்டியவர் பண்ணை முதலாளி. அறுபதாம் நாளில் கூலி குறைக்கப்பட்டால், இளைஞன் என்ன செய்வான்? விட்டகன்றால் மீதி நாள்களுக்கு வேறிடம் தேட வேண்டும். ஆகவே வாய்மூடிப் பொறுத்தான். முந்திய ஆண்டு ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்தவன், அதே பண்ணையில் சொல்லத் தயங்கினான். கூலியின்றி உழைத்த நாள்களும் கணக்கில் சேர்ந்தமையால், இலவசமாக வேலை வாங்குவோரும் பெருகினர். 2015 திசம்பர் முதல் கூலியற்ற உழைப்பு அக்கணக்கில் சேராது என்று அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. 2016இல் அந்நாட்டு வேலை நியாயக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, இவ்விசாவில் வந்தோர்க்குக் கூலி குறைக்கப்பட்டதையும் மறுக்கப்பட்டதையும் விரிவாக எடுத்துரைத்தது. எண்ணிக்கைக் கூலி பெறும் பழம்பறிப்போர்க்கும் குறைந்தபட்ச மணிக்கூலி உறுதி என்ற ஏற்பாடு 2022 ஏப்பிரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

இவர்கள் பட்டதாரிகள், வசதியுள்ள நாட்டுப் பிள்ளைகள், சட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வல்லவர்கள். விட்டகலும் வழி சற்றே குறுகியதும் அவர்களிடமே முதுகு வளைந்தது. பாட்டனார் தலைமுறை ஏன் எதிர்த்துக் கேட்கவில்லை என்று வகுப்பறையில் எளிதாகக் கேட்டுவிடும் மாணவனுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேறில்லை.

இனி, அந்தக் கிவிப் பந்தலுக்குத் திரும்பினால், அங்கே பேரன் தனியாக இல்லை. 2007 முதல் நியூசிலாந்து, வனுவாட்டு, சமோவா, டோங்கா முதலிய பசிபிக் தீவுகளிலிருந்து பருவகாலத் தொழிலாளரை வரவழைக்கும் திட்டமொன்றை நடத்தி வருகிறது. அவர்களுட் பெரும்பாலோர் பதினொரு மாதத்தில் ஏழு மாதம்வரை தங்கலாம். பெயர் குறிப்பிடப்பட்ட முதலாளியிடமே உழைக்கலாம். அவர்கள் கூலி பெறுகின்றனர். ஊரில் வீடு கட்டுகின்றனர். பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர். அடிமைகள் என்று அவர்களை இரக்கத்தோடு அழைப்பது அவர்களை இழிவுபடுத்துவதாகும். எனினும், ஒரே வரிசையில் ஒரே பழத்தைப் பறிக்கும் இருவருள் ஒருவன் அடுத்த திங்கட்கிழமை மலையேறப் போகலாம்; மற்றவன் போக முடியாது. அந்தப் பேரனின் பாட்டிக்கு உறவு யார் என்று கேட்டால், பேரனைவிட அந்த வனுவாட்டுக்காரரே நெருக்கமானவர் என்று சொல்லத் தோன்றுகிறது.

பயணம் வந்த இளைஞனின் கடமை பற்றிப் பேச வேண்டுமாயின் இங்கிருந்தே தொடங்க வேண்டும். உணவுக்கும் படுக்கைக்கும் மட்டுமே உழைக்க அவன் முன்வரும் பண்ணை, அவன் வராவிட்டால் கூலி கொடுத்து ஒருவரை வைத்திருக்குமா என்று அவன் கேட்டறிய வேண்டும். வைத்திருக்குமெனில், அவனது தாராளம் இன்னொருவரின் சோற்றிலிருந்து எடுக்கப்பட்டது. குறைந்த கூலியை அவன் சிரித்துக்கொண்டு ஏற்றால், பக்கத்தில் இருப்பவர் சிரிக்காமல் அதனையே ஏற்க நேரிடும். தனக்குத் துணிவு இருப்பதன் காரணம் தன் வீரம் என்று அவன் எண்ணிவிடவும் கூடாது. சட்டைப்பையில் திரும்பும் சீட்டு இருக்கிறது. அந்தச் சீட்டைக் கொண்டு செய்யத்தக்க நல்ல வேலை ஒன்றுண்டு. கணக்கு தவறும்போது, விட்டகல முடியாதவர் கேட்கத் தயங்கும் கேள்வியை முதலாளியிடம் அவனால் உரக்கக் கேட்க முடியும்.

ஒருநாள் மதிய உணவு வேளையில், பெட்டிகளின் நிழலில் அமர்ந்திருக்கையில், பக்கத்திலிருப்பவர் அவனிடம், எப்போது ஊருக்குப் போகிறாய் தம்பி என்ற பொருளில் ஏதோ கேட்பார். அவன் இன்னும் முடிவு செய்யவில்லை என்பான். அதே கேள்வியை அவரிடம் திருப்பிக் கேட்டால், அவர் மாதத்தையும் தேதியையும் உடனே சொல்லிவிடுவார்.