ஒரே வியாதி, இரண்டு வைத்தியம்: இது பட்சபாதமா?

ஒரு சகோதரி மனபாரத்தோடு என்னிடம் கேட்டாங்க: "எனக்கும் பக்கத்துத் தெரு அக்காவுக்கும் ஒரே மார்புப் புற்றுநோய்தான். அவங்களுக்குக் கீமோ கொடுத்தாங்க. எனக்கு மாத்திரை போதும்னு அனுப்பிட்டாங்க. நாங்க பணம் கட்ட மாட்டோம்னு நினைச்சிட்டாங்களோ?"

அவங்க ரிப்போர்ட்டைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுப்பதுதான் நியாயமா?

பெயர் ஒன்றாக இருப்பதால் வியாதியும் ஒன்று என்று நினைக்கிறோம். அப்படியல்ல. மார்புப் புற்றுநோய் வந்த 100 பேரில் ஏறக்குறைய 15 முதல் 20 பேருடைய கட்டியில் 'ஹெர்-2' என்கிற புரதம் அளவுக்கு மிஞ்சி இருக்கும். அதைத் தடுக்கிற டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது அநேகருடைய ஆயுளைக் கூட்டியிருக்கிறது. அந்தப் புரதம் மிஞ்சியிராத கட்டியில் இந்த மருந்தால் பிரயோஜனமில்லை. இருதயத்தைப் பலவீனமாக்கும் ஆபத்து மட்டும் மிஞ்சும். இதை எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தால் அது அன்பாகுமா, சொல்லுங்கள்!

இன்னொரு காரியம். 'டெய்லர்-எக்ஸ்' என்ற பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2018-ல் வெளியானது. அமெரிக்கா, கனடா, பெரு முதலான 6 நாடுகளில் 10,000-க்கும் அதிகமான பெண்கள் இதில் சேர்ந்தார்கள். ஹார்மோனால் வளருகிற, ஹெர்-2 மிஞ்சியிராத, அக்குள் நெறிக்கட்டுகளுக்குப் பரவாத புற்றுநோய் அவர்களுக்கு. கட்டியிலுள்ள 21 மரபணுக்களைச் சோதித்து மதிப்பெண் போட்டார்கள். நடுத்தர மதிப்பெண், அதாவது 11 முதல் 25 வரை பெற்ற 6,711 பேரை, சீட்டுப் போடுவதுபோல இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும், மற்றப் பங்குக்கு அதோடு கீமோவும். 9 வருஷம் கழித்து இரண்டு பங்கிலும் 100-க்கு ஏறக்குறைய 94 பேர் உயிரோடிருந்தார்கள். 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 16 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் உள்ளவர்களுக்கு மட்டும் கீமோவால் ஓரளவு பிரயோஜனம் தெரிந்தது.

சற்று யோசித்துப் பாருங்கள். உயிர்ப்பயம் நெருக்கும் நாளில், "எனக்கு எந்தப் பங்கு விழுந்தாலும் சரி" என்று அந்தப் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் முகம் அறியாத எத்தனையோ பேருக்கு இன்று முடி கொட்டாமல், வாந்தியில் வாடாமல் வைத்தியம் நடக்கிறது. நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

ஆகவே வித்தியாசமான வைத்தியம் தானாகவே பட்சபாதம் ஆகிவிடாது. முகத்தையும் மடிசீலையையும் பார்த்துக் கொடுப்பதுதான் பட்சபாதம். சோதனை முகத்தைப் பார்ப்பதில்லை, கட்டியைத்தான் பார்க்கிறது.

ஆனால் கதவை அடைத்தோம் என்று நாம் நினைக்கும்போதே பட்சபாதம் ஜன்னல் வழியாக நுழைகிறது! அந்த 21 மரபணுச் சோதனைக்கு நம் தேசத்தில் லட்சக்கணக்கில் செலவாகும். இருக்கிறவள் தனக்குக் கீமோ வேண்டாம் என்று அறிந்துகொள்கிறாள். இல்லாதவள் அறியாமலே அதைச் சுமக்கிறாள். சோதிக்காமல் மருந்தை ஏற்றுவதும், சோதிக்காமல் மருந்தை நிறுத்துவதும் ஏழைக்குத்தான் நடக்கிறது. பாவம் இங்கேதான் இருக்கிறது என்று நான் சொல்லுவேன்.

ஆபரேஷனுக்கு என்றால் நாம் மனமுவந்து கொடுக்கிறோம். பரிசோதனைக்கு என்று கேட்டால், "அது எதுக்குங்க, டாக்டருங்க சம்பாதிக்கவா?" என்கிறோம். பிரியமானவர்களே, இனி அப்படிச் சொல்லாதிருப்போமாக. ஹார்மோன் ஏற்பிகளுக்கான சோதனையும் ஹெர்-2 சோதனையும் நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே செய்யப்படுகின்றன. உங்கள் தெருவில் யாருக்காவது இந்த வியாதி என்று கேள்விப்பட்டால், பழம் வாங்கிக்கொண்டு போவதோடு நிற்காதிருங்கள். "ரிசல்ட் வந்துச்சா? டாக்டர் என்ன விளக்கினாங்க? நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். பணம் குறைந்தால் சேர்ந்து தாங்குங்கள். டாக்டரைக் கேளாமல் எந்த மருந்தையும் நிறுத்தவோ கூட்டவோ சொல்லாதிருங்கள்.

அவரவர் வியாதிக்கு ஏற்ற வைத்தியம் அவரவருக்குக் கிடைக்கட்டும். அதை அறிகிற வழி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுபோலத் திறந்திருக்கட்டும். ஆமென்.