மாணாக்கரும் நித்திரையும்

ஆகாரம் போல நித்திரையும் சரீரத்துக்கு இன்றியமையாதது. பசித்த பிள்ளைக்குச் சோறு மறுப்பவரை உலகம் பழிக்கும். நித்திரையை மறுப்பவரையோ, பிள்ளையின் கல்வியிற் கருத்துடையவர் எனப் புகழ்கின்றது. இப்புகழ் தகுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

நம் இலங்கையிலே பாடசாலைகள் பெரும்பாலும் காலை 7.30 மணிக்குத் தொடங்குகின்றன. க.பொ.த. சாதாரணதர, உயர்தரப் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்யும் மாணாக்கருட் சிலர் விடியுமுன்னரும், பலர் பாடசாலை விட்ட பின்னரும் தனியார் வகுப்புகளுக்குச் சென்று, இரவிலே நெடுநேரம் விழித்துப் படிக்கின்றனர். 13 முதல் 18 வயது வரையுள்ளார்க்கு நாடோறும் 8 முதல் 10 மணிநேர நித்திரை வேண்டுமென அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகத்தார் 2016 இல் வரையறுத்தனர். பதினொரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழும் பிள்ளை பெறுவதோ 6 மணிநேரமே.

முந்திப் படுத்தாலென்னை எனின், அஃது அப்பிள்ளையின் வசத்ததன்று. இரவு வந்ததென உடம்புக்கு உணர்த்தும் மெலற்றோனின் என்னுஞ் சுரப்பு, பருவமெய்துங் காலத்திலே பிந்தியே சுரக்கத் தொடங்குகின்றது. ஆதலால் நித்திரை பிந்தி வருதலும் காலையில் எழுதற்கு வருந்துதலும் அவ்வயதின் இயற்கை, குணக்கேடன்று. இதனை உணர்ந்து அமெரிக்க தேசத்துச் சியாற்றில் நகரத்தார், 2016 இல், உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7.50 இலிருந்து 8.45 ஆக்கினர். அதனால் மாணாக்கர் நித்திரை ஏறக்குறைய 34 நிமிடம் கூடிற்று.

அற்றேல், திருவள்ளுவர் துயிலையுங் கெடுவார் ஏறும் மரக்கலங்களுள் ஒன்றாக வைத்தாரன்றோ எனின், வைத்தார். ஆயின் மடியை வேறாகவும் துயிலை வேறாகவும் எண்ணினார். வினைசெய்தற்குரிய காலத்து விரும்பி மேற்கொள்ளும் மிகுதுயிலே அங்கு விலக்கப்பட்டதெனக் கொள்ளல் வேண்டும். உடம்பு வேண்டும் அளவினதாகிய நித்திரையன்று. அன்றியும், அந்நான்கனுள் மறவியும் ஒன்று. பகலிற் கற்றது நெஞ்சில் நிலைபெறுதற்கு நித்திரை பெருந்துணை. துயிலாகிய கலத்துக்கு அஞ்சிப் பிள்ளையை மறவியாகிய கலத்தில் ஏற்றுதல் எத்துணைப் பேதைமை!

ஏனைப் பிள்ளைகள் விழித்திருக்க நம் பிள்ளை உறங்கிற் பின்தங்குமே என்பர் சிலர். இவ்வச்சம் பொய்யன்று. ஆயினும், பல்கலைக்கழக இடங்கள் தொகை வரையறுக்கப்பட்டவை. எல்லாப் பிள்ளைகளும் இன்னும் ஒரு மணிநேரம் விழித்தாலும் அவ்விடங்கள் கூடா. இழப்பொன்றே எல்லார்க்கும் பொதுவாகும். ஒருவர் தனித்து விடமாட்டாத இதனைப் பலர் கூடியே விடல் வேண்டும்.

ஆதலின், தந்தை தாயரும் ஆசிரியரும் வகுப்பு நடத்துவோரும் ஒருங்கிருந்து, விடியுமுன்னும் இரவு பிந்தியும் வகுப்பு நடத்துவதில்லையெனத் துணிவாராக. இரவிலே கைத்தொலைபேசியைப் பிள்ளையின் படுக்கைக்குப் புறத்தே வைப்பிப்பாராக. வகுப்பிலே தூங்கிவிழும் மாணாக்கனைத் தண்டிக்குமுன், நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய் என ஆசிரியர் வினாவுவாராக. பிள்ளையின் நித்திரை பிள்ளையின் உடைமை. அதனைக் கவர்ந்து பெறும் சித்தி, பெற்றோர்க்குப் பெருமையாகாது.